பிளாட்பாரத்தை எழுதுகிறவர்கள்
நடைபாதை வரைபடங்கள் மீது ஒரு தலித் வாசிப்பு

நாவலையும் கவிதையையும் விமர்சிக்கிற பக்கத்தில் செல்போன் வரைபடத்துக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. வரைபடமும் எழுதப்படுகிற ஒரு பிரதிதான். எழுதுகிறவருக்கு ஒரு வர்க்கம் உண்டு, ஒரு சாதி உண்டு, மனசுக்குள் ஒரு வாசகர் உண்டு. எதை எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்பதற்கு ஒரு இலக்கணமும் உண்டு. நாவலை நாம் சந்தேகத்தோடு படிக்கிறோம். யாரு பேசுறா, யாரைப் பேச விடல என்று கேட்கிறோம். வரைபடத்தை மட்டும், தரையே எழுந்துவந்து கையில் உட்கார்ந்துகொண்ட மாதிரி நம்பிவிடுகிறோம். 'இடது பக்கம் திரும்பவும்' என்று அந்தக் குரல் சொன்னால் திரும்பிவிடுகிறோம்.

நடந்துபோகிறவர்களுக்கும் அந்தக் குரல் பல வருஷமாக வழி சொல்கிறது. ஆனால் வண்டி போகிற சாலையைக் காட்டி 'இதுலயே ஓரமா நட' என்பதுதான் அதன் வழக்கம். இப்போது பல நாடுகளில் பிளாட்பாரத்தைத் தனியாக எழுதுகிற வேலை நடக்கிறது. எந்தத் தெருவில் நடைபாதை இருக்கிறது, எவ்வளவு அகலம், தரை கல்லா சிமெண்டா, ஓரக்கல் எவ்வளவு உயரம், எங்கே சாலையைக் கடக்கலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம். சென்னையிலும் இப்படி எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல வேலைதான். நடக்கிறவர்களுக்கான வேலை என்கிறார்கள். நடக்கிறவர்களில் நம்ம ஜனங்கதானே அதிகம் என்று நாமும் சந்தோஷப்படலாம்.

சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்தப் பிரதியில் 'நடப்பவர்' என்று ஒரு பாத்திரம் வருகிறார். முழு வரைபடமும் அவருக்காக எழுதப்படுகிறது. அவர் யார்?

1. எப்படி எழுதுகிறார்கள்

எடுத்துக்கொள்ளும் பிரதி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் லண்டனில் தொடங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். கம்பெனிகளின் வரைபடத்துக்குள் நாம் கைவைக்க முடியாது, இதில் முடியும். அதனால்தான் இதை விமர்சிப்பதில் பயன் இருக்கிறது.

எழுதுகிற முறை எளிமையானது. புள்ளிகள் வைக்கிறார்கள். புள்ளிகளை இணைத்துக் கோடு போடுகிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் குறிச்சொற்கள் மாட்டுகிறார்கள். வழிசொல்லும் நிரல் இந்தக் கோடுகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவுக் கணக்குப் போட்டு, மொத்தச் செலவு எதில் குறைவோ அந்த வழியைக் காட்டுகிறது. கோடு இல்லையென்றால் வழி இல்லை. தரையில் நூறு வருஷமாக ஜனங்க நடந்துகொண்டிருந்தாலும் சரி, கோடு போடப்படாத சந்து அந்த நிரலுக்குச் சுவர்தான்.

இதில் ஒரு விசயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாலுவழிச் சாலையும் ஒற்றையடிப் பாதையும் அங்கே 'ஹைவே' என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. சேரிச் சந்தும் ஹைவே, அண்ணா சாலையும் ஹைவே. வேறு எந்தப் பதிவேட்டிலும் நமக்குக் கிடைக்காத சமத்துவம்! ஆனால் அடுத்த வரியிலேயே தரம் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எஞ்சினியர் போட்ட பாதை பாதை. ஜனங்க காலால் தேய்த்து உண்டாக்கிய பாதைக்கு 'இன்ஃபார்மல் = யெஸ்' என்று ஒரு ஒட்டு. முறைசாராத பாதையாம். முதலில் வந்தது காலா, எஞ்சினியரா?

நடைபாதையை எழுத இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, சாலைக் கோட்டுக்கே ஒரு குறிச்சொல் மாட்டுவது: இடது பக்கம் நடைபாதை உண்டு, வலது பக்கம் உண்டு, இரண்டு பக்கமும் உண்டு, இல்லை. இன்னொன்று, நடைபாதைக்கே தனிக்கோடு போடுவது. முதல் வழியில் நடப்பவர் வண்டிச் சாலையின் ஒரு குணமாக ஆகிவிடுகிறார். எந்த இடத்தில் அகலம் குறைகிறது, எந்த இடத்தில் கல் பெயர்ந்து கிடக்கிறது என்று சொல்ல வழியில்லை. இரண்டாவது வழியில் இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் தனிக்கோட்டை எதிர்ப் பக்கத்துக் கோட்டோடு இணைக்கிற கடவுகளையும் போட வேண்டும். போடாவிட்டால் எதிரே கண்ணுக்குத் தெரிகிற டீக்கடைக்குப் போக அரை கிலோமீட்டர் சுற்றச் சொல்லும்.

தனிக்கோடா, பொதுக்கோட்டில் ஒரு ஓரமா? வரைபடக்காரர்கள் இதை வருஷக்கணக்கில் விவாதிக்கிறார்கள். 1932இல் பூனாவில் என்ன நடந்தது என்று படித்தவர்களுக்கு இந்த விவாதம் புதுசாகத் தெரியாது. பொதுவில் சேர்த்தால் காணாமல் போகிறோம். தனியாகப் பிரித்தால், இணைப்பை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது. நடைபாதை விசயத்தில் என் கட்சி தனிக்கோடுதான், கடவுகளும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

2. மணிக்கு 5 கிலோமீட்டர்

நிரலுக்குள் இருக்கிற நடப்பவர் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடக்கிறார். பொதுவாகப் புழங்குகிற கணக்கு இதுதான். கையில் குழந்தை இல்லை, தலையில் மீன்கூடை இல்லை, இடுப்பில் குடம் இல்லை. இரவு பத்து மணிக்கும் பகல் பத்து மணிக்கும் அவருக்கு ஒரே வேகம். யாரும் அவரை நிறுத்தி 'எந்தத் தெருடா நீ?' என்று கேட்பதில்லை. சாதியற்ற, பாரமற்ற, பயமற்ற ஒருவர். நவீன இலக்கியத்தில் வருகிற 'மனிதன்' மாதிரியே இருக்கிறார். அந்த 'மனிதன்' யார் என்று நாம் ஏற்கனவே தோண்டிப் பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் இந்தப் பாத்திரம் மாறாத பாத்திரம் கிடையாது. குறிச்சொற்களின் பட்டியலில் ஓரக்கல் பற்றி ஒன்று இருக்கிறது: கல் உயரமாக நிற்கிறதா, சரித்துவிடப்பட்டிருக்கிறதா, தரையோடு தரையாக இருக்கிறதா. காலால் நடக்கிறவருக்கு இது ஒரு அடி தூக்கிவைக்கிற விசயம். சக்கர நாற்காலிக்காரருக்கு இதுதான் வழி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தச் சொல்லின் பின்னால் எஞ்சினியர்களின் கருணை மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் ஊனமுற்றவர்கள் சக்கர நாற்காலிகளை விட்டு இறங்கி, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் ஊர்ந்து ஏறினார்கள். அந்த வருஷம் ஜூலை 26இல் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் கையெழுத்தானது. தெருவில் உடம்பைப் போட்டவர்களால்தான் ஓரக்கல் சரிந்தது. சரிந்த பிறகுதான் அது வரைபடத்தில் ஒரு சொல்லாக வந்தது.

இதை நாம் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தின் குறிச்சொற்களைப் படித்தால் எந்தெந்த உடம்புகள் போராடித் தங்களை எழுதவைத்திருக்கின்றன என்று தெரியும். நம்ம உடம்பு இன்னும் அதில் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருக்கிற இடத்திலும் வேறு பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சந்து, தடை.

3. சந்துக்கு இரண்டு மடங்கு

வால்ஹாலா என்று ஒரு வழிசொல்லும் நிரல் இருக்கிறது. திறந்த மூலம், அதன் கணக்குகளை யாரும் படித்துப் பார்க்கலாம். நடப்பவருக்கான பகுதியில் சந்துக்கென்று ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறார்கள். நாம் ஒன்றும் மாற்றாமல் விட்டால் அந்த எண் 2. அதாவது 'சந்து' என்று குறிக்கப்பட்ட 100 மீட்டர், செலவுக் கணக்கில் 200 மீட்டராக ஏறும். நடப்பவர்கள் பொதுவாகச் சந்துகளைத் தவிர்க்கவே விரும்புவார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

யார் தவிர்க்க விரும்புகிறார்கள்? அமெரிக்க நகரத்துச் சந்து வீட்டுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி வைக்கிற இடம். அங்கே இந்த எண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். இங்கே கதை வேற. இந்திய நகரங்களில் வெள்ளைக்காரன் காலத்தில் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் சந்து விட்டார்கள். ஆவணத்தில் அதற்கு 'கன்சர்வன்சி லேன்' என்று பெயர். எடுப்புக் கக்கூசிலிருந்து மலம் அள்ளுகிறவர்கள் முன்வாசல் தெருவில் கண்ணில் படாமல் வந்துபோவதற்காக விடப்பட்ட வழி அது. முன்னால் தெரு அவர்களுக்கு, பின்னால் சந்து நமக்கு. நடப்பவர் தவிர்க்க விரும்புகிற பாதை என்ற கருத்து செல்போனோடு பிறந்தது என்று யாராவது நினைத்தால், அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பார்க்கட்டும்.

சேரியில் சந்துதான் தெரு. குழாயடி அங்கேதான், கல்யாணப் பந்தல் அங்கேதான், சாவுக்குப் பறை அடிப்பதும் அங்கேதான். மூணு அடி அகலத்தில் மொத்த வாழ்க்கையும் போகும். அந்தச் சந்தை எழுத வருகிறவர் அதற்கு என்ன பெயர் போடுகிறார் என்பதில்தான் விசயம் இருக்கிறது. குடியிருப்புத் தெரு என்று போட்டால் ஒரு மடங்கு. சந்து என்று போட்டால் இரண்டு மடங்கு. ஒன்றும் போடாமல் விட்டால் அங்கே ஆளே இல்லை. அந்த எண்ணை யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றலாம்தான். சொல்லாமல் விட்டால் எது நடக்குமோ அதுதான் ஒரு சமூகத்தின் வழக்கம். சாதியும் அப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

ஒன்றும் போடாமல் விடுவது எப்படி நடக்கிறது? வரைபடம் எழுதுகிறவர்கள் பலர் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். தகரக்கூரையும் ஓலைக்கூரையும் ஒட்டிக்கிடக்கிற இடத்தில் மேலிருந்து சந்து தெரியாது. இன்னொரு வழி, தெருவில் எடுத்த படங்கள். கூகுளின் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் வந்தது. காரின் தலையில் காமிராவை வைத்து ஓட்டுவதுதான் அதன் முக்கிய முறை. கார் போகிற இடம்வரைதான் அந்தக் காமிராவின் கண். கார் போகாத தெருக்களில் யார் குடியிருக்கிறார்கள் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்படி எடுத்த படங்களைக் கணினிக்குக் காட்டி நடைபாதைகளைத் தானாகக் கண்டுபிடிக்கவைக்கிற ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. அப்படியானால் கார் விட்ட இடத்தைக் கணினியும் விட்டுவிடும். விடுபட்ட இடத்தில் 'விடுபட்டது' என்று எழுதியிருக்காது. வெறும் சாம்பல் நிறம் இருக்கும். ஊருக்கு வெளியே நம்மை நிறுத்திய அதே வெற்றிடம்.

4. 'தடைகள்' என்ற கட்டம்

போன வருஷம் நடைபாதைகளைக் கணக்கெடுப்பதற்கான ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். கையில் அளவுநாடாவும் ஒரு படிவமும் கொடுத்தார்கள். அகலம், தரை, ஓரக்கல், விளக்கு எல்லாவற்றுக்கும் கட்டங்கள். கடைசியில் 'தடைகள்' என்று ஒரு கட்டம். அதன் கீழே பொருந்துவதை டிக் செய்ய வேண்டும்: குப்பை, நிறுத்திய வாகனம், மின்பெட்டி, நடைபாதைக் கடை, ஆள் படுத்திருத்தல்.

அந்த வரிசையை விமர்சகன் என்ற முறையில் திரும்பத் திரும்பப் படித்தேன். குப்பையில் தொடங்கி மனுசனில் முடிகிறது. நடுவில் இட்லிக்கடை. படிவத்தை எழுதியவர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல பிள்ளைகள்தான், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சொந்தக் காசில் வந்தவர்கள். அவர்கள் மனசிலுள்ள நடைபாதை காலியான நடைபாதை. அதில் யாரும் வாழ்வதில்லை, விற்பதில்லை, தூங்குவதில்லை. கடந்து மட்டும் போகிறார்கள். அந்தக் கற்பனையிலிருந்து பார்த்தால் மிச்சமெல்லாம் தடைதான்.

வடசென்னையில் என் சின்னம்மா பிளாட்பாரத்தில் இட்லிக்கடை போட்டிருக்கிறார். படிவத்தைப் படித்துக்காட்டினேன்.

"இன்னாடா இது, நடக்கறதுக்குக்கூட போனு வழி சொல்லுதா? அதுல நா எங்க இருக்கேன்?"

"தடைன்னு வருவ, சின்னம்மா."

"தடையா? காலைல நாலரைக்கு இந்த லைட்டுக் கம்பத்தாண்ட நா அடுப்பு பத்தவெச்சாத்தான், பெருக்கற வேலைக்குப் போற பொம்பளைங்க இந்தப் பக்கமா தைரியமா வருங்க. நா கடை போடறதுக்கு முன்னாடி இங்க குடிச்சிட்டு உழுந்து கெடப்பானுங்க. இதெல்லாம் உன் போனுக்குத் தெரியுமா?"

தெரியாது சின்னம்மா. நிரலின் கணக்கில் நீ அகலத்தைக் குறைக்கிறாய். உன் அடுப்பு வெளிச்சத்தில் அந்தப் பெண்கள் நடந்துபோவதற்குக் கணக்கில் இடம் இல்லை.

இலக்கணம் வேறு ஒரு காரணமும் சொல்லும்: தற்காலிகமானதை வரைபடத்தில் எழுதாதே. சின்னம்மா மத்தியானம் கடையை மடக்கி ஓரமாக வைத்துவிடுகிறார். ஆகவே தற்காலிகம். அங்கே அவர் கடை போட ஆரம்பித்த பிறகு எதிர் வரிசையில் மூணு பேங்க் கிளைகள் வந்து காலியாகிவிட்டன. அவை நிரந்தரம் என்ற கணக்கில் பெயரோடு எழுதப்பட்டவை.

சட்டத்தின் மொழியையும் இதனோடு வைத்துப் படிக்க வேண்டும். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பம்பாய் நடைபாதைவாசிகளின் பிழைப்புரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, நடைபாதை நடப்பவர்களுக்கானது, அங்கே குடியிருக்க உரிமை இல்லை, முறைப்படி அறிவித்து அகற்றலாம் என்றும் சொன்னது. 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பதும் 21ஆவது பிரிவின்படி உரிமை என்றது. ஒரே பிரிவு. அதற்குள் நடப்பவரும் இருக்கிறார், சின்னம்மாவும் இருக்கிறார். அவர்களை எதிரெதிராக நிறுத்துகிற வேலையைத்தான் 'தடைகள்' என்கிற கட்டம் செய்கிறது.

பாண்டி பஜாரைப் பாருங்கள். 2013இல் நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு அனுப்பினார்கள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதையோடு அந்தச் சாலை புதுசாகத் திறந்தது. இன்று நடைபாதைக்கு நல்ல உதாரணம் என்று சென்னையில் எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். நடக்கச் சுகமாகத்தான் இருக்கிறது, நானும் நடந்திருக்கிறேன். ஆனால் அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்று வரைபடம் சொல்லாது. அகலத்துக்கு ஒரு எண் உண்டு, வரலாற்றுக்கு இல்லை.

இன்னொரு காட்சி எல்லோரும் பார்த்தது. 2025 ஆகஸ்டு 1 முதல், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம்மவர்கள். நடைபாதையையும் சாலையையும் மறித்திருக்கிறார்கள் என்று வழக்கு வந்தது. அனுமதியில்லாத இடம், அப்புறப்படுத்தலாம் என்றது உயர்நீதிமன்றம். ஆகஸ்டு 13 நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. தினமும் அந்த நடைபாதைகளைப் பெருக்கி நடக்கத்தக்கதாக வைத்திருக்கிற கைகள் அவை. பெருக்கும்போது அவர்கள் கண்ணில் படுவதில்லை. உட்கார்ந்தவுடன் தடை!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் காலி நடைபாதைக்கு எதிரி இல்லை. நம்மிலும் கண் தெரியாதவர்கள் உண்டு, சக்கர நாற்காலிக்காரர்கள் உண்டு. பிளாட்பாரம் இல்லாமல் சாலையில் இறங்கி நடந்து லாரியில் அடிபடுகிறவர்களிலும் நம்மாட்களே அதிகம் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரசின் 2012 வழிகாட்டி, நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் விடச் சொல்கிறது. கம்பம், மரம், கடைக்கெல்லாம் அதற்கு வெளியே ஒரு பட்டை. அந்த 1.8 மீட்டரை யார் தின்கிறார்கள் என்று நேர்மையாக அளந்து பார்க்கட்டும். துணிக்கடையின் படிக்கட்டு, பைக் வரிசை, மின்பெட்டி, பங்களாவின் சாய்வுத்தளம் இவையெல்லாம் எவ்வளவு, இட்லிக்கடை எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டு மூடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

5. கண்ணால் கண்டதை எழுது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதி ஒன்று: தரையில் இருப்பதை எழுது, இன்னொருவர் போய்ப் பார்த்துச் சரிபார்க்க முடிந்ததை மட்டும் எழுது. நல்ல விதிதான். அரசாங்கத்தின் பொய்யையும் கம்பெனியின் பொய்யையும் இதை வைத்து மறுக்கலாம். ஆனால் சாதி இந்த விதியின் கையில் சிக்குவதில்லை. அது தரையில் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. நடக்கிற காலுக்குத்தான் தெரியும். அதுவும் எல்லாக் காலுக்கும் தெரியாது.

நகரத்து நடைபாதையைப் பேசும்போது இந்த நாட்டில் நடப்பதற்கே ஒரு வரலாறு இருக்கிறது என்பதை மறக்க முடியாது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு போராட்டம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். எல்லோரும் தெருவில் நடக்கலாம் என்று சொல்ல ஒரு சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்தது! அதற்கு 99 வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் தலித் மக்கள் ஆதிக்கசாதித் தெருவில் முதல்முறையாகச் செருப்புப் போட்டு நடந்தார்கள். தனியாக நடக்க முடியவில்லை, அமைப்பாகத் திரண்டுதான் நடந்தார்கள்.

அந்தத் தெருவை வழிசொல்லும் நிரலிடம் காட்டினால் என்ன சொல்லும்? இத்தனை மீட்டர், இத்தனை நிமிஷம், நேராகப் போகலாம் என்று சொல்லும். மேட்டுக்குச் செலவு போடத் தெரியும், படிக்குச் செலவு போடத் தெரியும், சந்துக்கு இரண்டு மடங்கு போடத் தெரியும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கிற செலவுக்கு எண் இல்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் இருந்தவரை நிரல் 'சுற்றிப் போ' என்று சொல்லியிருக்கும். 2008 மே 6 அன்று ஒரு பகுதியை இடித்த பிறகு 'நேரே போ' என்றிருக்கும். இரண்டு முறையும் அதன் குரலில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது.

நகரத்தில் இது இல்லை என்று சொல்கிற படித்த நண்பர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை, சரி. குடியிருப்போர் சங்கம் தெருவுக்குக் கேட்டு போட்டுக் காவலாளியை நிறுத்துகிறது. வரைபடத்தில் 'ஆக்செஸ் = பிரைவேட்' என்று ஒருவர் எழுதிவிட்டால், நிரல் அதை மதித்து நம்மைச் சுற்றிப் போகச் சொல்லும். அது மாநகராட்சியின் பொதுத்தெருவாகவே இருக்கலாம். கேட்டைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தாயிற்று. கேட் போட யாருக்கு உரிமை இருந்தது என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. பூணூல் போடாத அக்கிரகாரங்கள் இப்படித்தான் உண்டாகின்றன.

6. நாம் எழுதினால்

விமர்சனம் பண்ணிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. இந்த வரைபடங்கள் நாளைக்கு வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோகிறவர்களுக்கும், ஆம்புலன்சை விட்டு இறங்கி ஸ்ட்ரெச்சரோடு ஓடுகிறவர்களுக்கும் வழி சொல்லும். மாநகராட்சி எந்தத் தெருவில் நடைபாதை போடலாம் என்று இவற்றைப் பார்த்துத் தீர்மானிக்கவும் கூடும். நாம் அதில் இல்லையென்றால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிவிடவும் முடியாது. நம்ம ஜனங்களுக்குக் கணக்கெடுப்பு என்றாலே வயிற்றில் புளி கரைகிறது. காரணம் இருக்கிறது. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் முதலில் அளவெடுக்க வந்தார்கள், பின்னால் புல்டோசர் வந்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எழுதப்படாவிட்டால் இல்லாமல் போகிறோம், எழுதப்பட்டால் அகற்றப்படுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்ம வரைபடத்தை எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே விவாதத்துக்காகச் சில யோசனைகள்.

சேரிச் சந்துகளைச் சேரிப் பிள்ளைகளே நடந்து எழுத வேண்டும். போன் இல்லாத பிள்ளை இன்று குறைவு. குழாயடி, பொதுக்கக்கூஸ், எரிகிற விளக்கு, எரியாத விளக்கு எல்லாவற்றுக்கும் குறிச்சொல் இருக்கிறது. ஜனங்க தெரு என்று சொல்கிற சந்துக்குத் தெரு என்றே போடுங்கள். இரண்டு மடங்குக் கணக்கு அப்போதே பாதி அடிபட்டுப்போகும்.

தெரு வியாபாரி என்று குறிக்கவும் ஒரு சொல் ஏற்கனவே இருக்கிறது. கடையைக் கடை என்று எழுதுங்கள், பக்கத்தில் நடப்பதற்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று தனியாக எழுதுங்கள். 2014 சட்டத்தின்படி சான்றிதழ் கேட்டு நிற்கிற வியாபாரிக்கு, 'நான் இங்கே இருந்தேன்' என்று காட்ட அது உதவக்கூடும். ஆனால் அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது.

தூங்குகிற இடங்களை எழுதவே கூடாது. பட்டா இல்லாத வீடுகளின் எல்லையைக் கோடு போடக் கூடாது. எதை எழுதுவது, எதை மறைப்பது என்பதை அந்தத் தெருக்காரர்கள் கூடி முடிவுசெய்ய வேண்டும். வரைபட இலக்கணம் இதை ஏற்காது, முழுமைதான் அதற்கு ஒழுக்கம். நம்மை யார் பார்க்கலாம் என்று நாமே தீர்மானிப்பதை நான் அந்த ஒழுக்கத்துக்கு மேலே வைக்கிறேன்.

பெயர்களையும் நாமே எழுத வேண்டும். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணம் மெதுவாகத்தான் மாறும். திறந்த வரைபடத்தில் அந்தத் தெருக்காரர்களே இன்றைக்கு ராத்திரியே மாற்றலாம். அங்கே எந்தப் பெயர் வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மாற்றிய பெயரை மறுநாள் ஒருவர் அழிக்கலாம். மறுபடியும் எழுத வேண்டும். தெருவில் நடந்த சண்டை அங்கேயும் நடக்கும்.

கடைசியாக, மாணவத் தோழர்களுக்கு. அளவுநாடாவோடு போகிறபோது படிவத்தின் கடைசிக் கட்டத்தை அடித்துவிட்டு அங்கே இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: இந்த நடைபாதையில் யார் பிழைக்கிறார்கள்? இங்கே நடக்க யார் பயப்படுகிறார்கள்? பதிலை அங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள். இரண்டுக்கும் இன்று குறிச்சொல் கிடையாது. ஓரக்கல்லுக்கும் ஒரு காலத்தில் கிடையாது. நான் சொன்னதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள், குறிப்பாக வரைபடம் எழுதுகிற தலித் தோழர்களும் ஊனமுற்ற தோழர்களும், எழுத வேண்டும். அடுத்த இதழில் பேசுவோம்.